எட்டே முக்கால் நிமிஷப் புதிர்கள்

முதலில் ஒரு புதிர். நானே செய்தது, அதனால் இணையத்தில் தேடினாலும் விடை கிடைக்காது.

ஒரு இலவச சட்ட உதவி மையம். ஒரே ஒரு வக்கீல். காலையிலிருந்து ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக அவரைப் பார்க்கப் போகிறார்கள்: கமலா, சரவணன், தங்கம், நடேசன், பத்மா, மணி. இதற்குச் சில நிபந்தனைகள்.

கமலாவுக்கு அடுத்த ஆள் சரவணன்தான், நடுவில் யாரும் கிடையாது.
தங்கம் நடேசனுக்கு முன்னால் போகிறார்.
நடேசன் மணிக்கு முன்னால் போகிறார்.
பத்மா ஒன்று முதல் ஆள், இல்லாவிட்டால் கடைசி ஆள்.
பத்மா முதல் ஆளாக இருந்தால், மணி கடைசி ஆளாக இருக்கக் கூடாது.

கேள்வி இதுதான். ஆறு பேரில் யாராவது ஒருவர் எத்தனையாவதாகப் போனார் என்று மட்டும் நீங்கள் என்னிடம் கேட்கலாம். அதைச் சொன்னதும் மொத்த வரிசையையும் நீங்கள் சொல்லிவிட வேண்டும். யாரைப் பற்றிக் கேட்பீர்கள்?

ஒரு காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். விடையைக் கீழே சொல்கிறேன். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். "காகிதம் எடுத்து" என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டேன் பார்த்தீர்களா? இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் காகிதத்தைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் சட்டக் கல்லூரியில் சேர எல்-சாட் என்று ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அதில் 1982 ஜூன் முதல் 2024 ஜூன் வரை, 42 வருஷம், மேலே சொன்னது மாதிரியான புதிர்கள் ஒரு தனிப் பகுதியாகவே இருந்தன. அதிகாரபூர்வப் பெயர் 'அனலிடிக்கல் ரீசனிங்'. தேர்வு எழுதியவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது 'லாஜிக் கேம்ஸ்'தான். 35 நிமிஷம், நாலு புதிர், ஒவ்வொன்றுக்கும் ஐந்திலிருந்து ஏழு கேள்வி, மொத்தம் 23 சொச்சம். கணக்குப் போட்டால் ஒரு புதிருக்கு எட்டே முக்கால் நிமிஷம் வரும். படிக்க, படம் போட, ஆறு கேள்விக்கு விடை குறிக்க எல்லாம் சேர்த்து அவ்வளவுதான்.

சட்டம் படிக்கப் போகிறவரிடம் இதை எதற்குக் கேட்டார்கள்? அப்புறம் ஏன் எடுத்தார்கள்? இந்த இரண்டு கேள்வியும் கொஞ்ச நாளாக என்னைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது.

2001-ல் பி.இ. முடித்த கையோடு நான் ஜி.ஆர்.இ. எழுதினேன். அப்போது அதில் மூன்று பகுதி: வெர்பல், குவாண்ட், அனலிடிக்கல். ஒவ்வொன்றும் 800, மொத்தம் 2400. அந்த அனலிடிக்கல் பகுதியில் வந்ததும் இதே ஜாதிப் புதிர்கள்தான். எட்டுப் பேர் வட்ட மேஜையில் உட்கார்வார்கள், ஏழு லெக்சரை ஐந்து நாளில் பிரித்துப் போட வேண்டும், இந்தப் பூவை அந்தப் பூவோடு ஒரே ஜாடியில் வைக்கக் கூடாது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய பேரன்ஸ் புத்தகத்தில், முன்னால் வைத்திருந்தவர் பென்சிலில் போட்ட விடைகளை அழிரப்பரால் அழித்துவிட்டு மறுபடி போடுவேன். வெர்பலில் ஆயிரக்கணக்கில் வார்த்தை மனப்பாடம் பண்ணியும் உருப்படியாக ஸ்கோர் வரவில்லை. அனலிடிக்கலில் 760. அட்மிஷன் வந்தது, பணத்துக்கு வழி வரவில்லை, நான் போகவில்லை. ஆனால் அந்த 760 மட்டும் இருபது வருஷத்துக்கு மேலாக எனக்குள்ளே உட்கார்ந்திருந்தது. இங்கிலீஷ் சுமார்தான், ஆனால் மண்டை நல்ல மண்டை என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சர்ட்டிபிகேட் அதுதான்.

இந்த இரண்டு தேர்விலும் ஒரே ஜாதிப் புதிர் இருந்தது தற்செயல் இல்லை. ஜி.ஆர்.இ.யை நடத்துவது இ.டி.எஸ். நிறுவனம். எல்-சாட்டையும் பல வருஷம் அவர்கள்தான் தயாரித்துக் கொடுத்தார்கள். எல்-சாட்டின் கதை 1945-ல் தொடங்குகிறது. கொலம்பியா சட்டக் கல்லூரியின் அட்மிஷன் பொறுப்பில் இருந்த ஃபிராங்க் போல்ஸ், இப்போது இருக்கும் தேர்வு சரியில்லை, இதைவிட நல்லதாக ஒன்று வேண்டும் என்று காலேஜ் போர்டிடம் கேட்டார். ஹார்வர்டும் யேலும் சேர்ந்துகொண்டன. 1948 பிப்ரவரியில் முதல் தேர்வு. அவர்களுடைய இலக்கைக் கவனிக்க வேண்டும். நல்ல வக்கீல் யார் என்று கண்டுபிடிக்க அவர்கள் முயலவில்லை. சட்டக் கல்லூரியின் முதல் வருஷத்தில் யார் நல்ல மார்க் வாங்குவார் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இன்றுவரை அந்தத் தேர்வை நியாயப்படுத்தும் அளவுகோல் அதுதான்.

ஜி.ஆர்.இ.யில் அனலிடிக்கல் பகுதி 1977-ல் வந்தது. அப்போது அதில் வேறு சில கேள்வி வகைகளும் இருந்தன. கொஞ்ச நாள் பயிற்சி எடுத்தாலே அந்த வகைகளில் மார்க் ஏகத்துக்கு ஏறுகிறது என்று இ.டி.எஸ்.ஸின் சொந்த ஆராய்ச்சியே காட்டியது. 1981-ல் அவற்றைத் தூக்கிவிட்டு, லாஜிக் புதிர்களையும் வாதங்களை அலசும் கேள்விகளையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே எல்-சாட்டிலும் இந்தப் புதிர்கள் வந்தன. 2002 அக்டோபரில் ஜி.ஆர்.இ. மொத்த அனலிடிக்கல் பகுதியையுமே எடுத்துவிட்டு அந்த இடத்தில் கட்டுரை எழுதச் சொன்னது. நான் கடைசி பஸ்ஸில் ஏறிய ஆள் என்று சொல்லலாம். எல்-சாட் மட்டும் அதற்கப்புறமும் 22 வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

சரி, புதிருக்கு வருவோம்.

ஆறு பேரை வரிசைப்படுத்த மொத்தம் 720 வழி. ஒரு புரோகிராமரிடம் கொடுத்தால் யோசிக்கவே மாட்டார். பைத்தானில் பத்து வரி எழுதி, 720-ஐயும் ஒவ்வொன்றாக ஓட்டி, எது எது தேறுகிறது என்று பார்த்துவிடுவார். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஒவ்வொரு நிபந்தனையாகப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கமலாவையும் சரவணனையும் ஒட்டவைத்ததும் 720 என்பது 120 ஆகிறது. தங்கம் நடேசனுக்கு முன் என்றதும் 60. நடேசன் மணிக்கு முன் என்றதும் 20. பத்மா ஓரத்தில் என்றதும் 8. கடைசி நிபந்தனை போட்டதும் 5. எழுநூற்று இருபது, ஐந்து வரியில் ஐந்தாகிவிட்டது.

மனுஷன் அப்படிப் போட மாட்டான். தேர்வில் தேறியவர்கள் செய்வது இது: காகிதத்தில் ஆறு கோடு போட்டு 1 முதல் 6 வரை எண் போடுவார்கள். 'கச' என்று சேர்த்து எழுதி அதைச் சுற்றி ஒரு கட்டம். 'த – ந – ம' என்று ஒரு சங்கிலி. 'ப' எழுதி அதிலிருந்து 1-க்கும் 6-க்கும் இரண்டு அம்பு. (ஆறு பேருக்கும் வேறு வேறு எழுத்தில் பெயர் வைத்தது எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். எல்-சாட்டிலும் அப்படித்தான், பெரும்பாலும் எஃப், ஜி, எச், ஜே என்று வரிசையாக வரும்.) பிறகுதான் விஷயமே. எழுதாத நிபந்தனை ஒன்று உள்ளே ஒளிந்திருக்கும், அதைத் தோண்டி எடுக்க வேண்டும்.

இங்கே ஒளிந்திருப்பது மணி. அவர் கடைசியில் போனார் என்று வைத்துக்கொள்வோம். கடைசி இடம் போய்விட்டது, அதனால் பத்மா முதலில் போயாக வேண்டும். ஆனால் பத்மா முதல் என்றால் மணி கடைசியாக இருக்கக் கூடாது என்று ஐந்தாவது நிபந்தனை சொல்கிறது. முட்டிக்கொண்டது. ஆக, மணி கடைசியாகப் போகவே முடியாது, பத்மா எங்கே இருந்தாலும் சரி. இது கேள்வித்தாளில் எங்கேயும் எழுதியிருக்காது.

மணியும் இல்லை, மணிக்கு முன்னால் போகும் தங்கமும் நடேசனும் இல்லை என்றால், கடைசியில் இருக்கக்கூடியது பத்மா அல்லது சரவணன். சரவணன் கடைசி என்றால் பத்மா முதல், நடுவில் தங்கம், நடேசன், மணி, கமலா. அது ஒரே வரிசை. பத்மா கடைசி என்றால், ஒட்டியிருக்கும் கமலா–சரவணன் ஜோடியைச் சங்கிலியின் எந்த இடத்திலும் செருகலாம். அது நாலு வரிசை. மொத்தம் ஐந்து. அந்த ஐந்திலும் கமலா நிற்கும் இடம் முறையே 5, 1, 2, 3, 4. ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடம்! அதனால் கமலாவைப் பற்றிக் கேட்டால் போதும். சரவணனைக் கேட்டாலும் அதேதான், அவர்தான் ஒட்டிக்கொண்டே வருகிறாரே. மற்ற யாரைக் கேட்டாலும் சந்தேகம் பாக்கி இருக்கும்.

இதில் ஒரு சுகம் இருக்கிறது, இல்லையா? எனக்கு இருக்கிறது. குழப்பமாகக் கிடந்தது சட்டென்று ஒரு இடத்தில் பூட்டிக்கொள்ளும்போது வருகிற சுகம். எல்-சாட் எழுதியவர்களில் பலர் இந்தப் பகுதியை வெறுத்துத் தொடங்கி, கடைசியில் இதற்கே அடிமையான கதையைச் சொல்வார்கள். காரணம் எளிது. மூன்று வகைப் பகுதியில் பழகப் பழக வேகமாக ஏறுவது இதுதான் என்று கோச்சிங் உலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். 1991 ஜூன் முதல் பழைய வினாத்தாள்கள் புத்தகமாகவே கிடைத்தன, தொண்ணூறுக்கும் மேல். ஒன்றுக்கு நாலு புதிர். புதிர் வகைகளைப் பெயர் வைத்துப் பிரித்து, எந்த வகைக்கு எந்தப் படம் போட வேண்டும் என்று சொல்லித்தரும் புத்தகங்கள் வந்தன. அதில் ஒன்றின் பெயரே 'லாஜிக் கேம்ஸ் பைபிள்'. 1981-ல் ஜி.ஆர்.இ. எந்தக் காரணத்துக்காகச் சில கேள்விகளைத் தூக்கியதோ, அதே வியாதி இங்கே மெதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது. காசும் நேரமும் இருப்பவர் நூறு புதிர் போட்டுவிட்டு வருவார். பகல் முழுக்க வேலை பார்ப்பவர் பத்து போட்டுவிட்டு வருவார்.

படம் போடுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்ன சரித்திரமே இருக்கிறது. காகிதத் தேர்வாக இருந்த காலத்தில் ரஃப் ஷீட் தனியாகக் கொடுக்க மாட்டார்கள். வினாத்தாளில் கேள்விகளுக்குக் கீழே மிச்சமிருக்கும் இடத்தில்தான் போட வேண்டும். இடம் போதாமல் எறும்பு எழுத்தில் எழுதிப் பழகுவார்கள். 2012-ல் ஒரு புதிரை இரண்டு பக்கத்துக்குப் பரப்பிக் கொடுத்தார்கள், அதையே பெரிய சலுகையாகக் கொண்டாடினார்கள். 2019-ல் தேர்வு டேப்லெட்டுக்கு மாறியபோது தனித் தாள் கொடுத்தே ஆக வேண்டியதாயிற்று, ஏனென்றால் திரையில் படம் போட்டுப் புதிர் போட முடியாது. தேர்வு நடத்துகிறவர்களுக்கே தெரியும், காகிதம் இல்லாமல் இது ஆகாது என்று.

அப்படியானால் காகிதமும் பென்சிலும் யாருக்குப் பிரயோஜனம் இல்லையோ அவர் என்ன செய்வார்?

மிச்சிகன் மாநிலத்தில் ஒருவர் இதைக் கேட்டார். சட்டப்படி பார்வையற்றவர் என்று வகைப்படுத்தப்பட்டவர், வக்கீலாக ஆசைப்பட்டவர். இந்தப் பகுதிக்குப் படம் போட வேண்டியிருக்கிறது, என்னால் பார்க்கவும் முடியாது, போடவும் முடியாது, அதனால் இந்தத் தேர்வு என் தர்க்கத்தை அளக்கவில்லை என்பது அவருடைய வாதம். 2011-ல் அமெரிக்க பார் அசோசியேஷன் மேல் வழக்குப் போட்டார். சட்டக் கல்லூரிகள் நுழைவுத் தேர்வு வைத்தாக வேண்டும் என்று விதி போட்டவர்கள் அவர்கள்தான். கீழ்க் கோர்ட்டில் தள்ளுபடி. 2016-ல் மேல்முறையீட்டிலும் தோல்வி. தேர்வில் என்ன கேள்வி வர வேண்டும் என்று முடிவு பண்ணுவது பார் அசோசியேஷன் இல்லையே என்பதுதான் அங்கே மாட்டிக்கொண்ட இடம். யோசித்துப் பார்த்தால் இதுவே ஒரு லாஜிக் கேம். எந்த நிபந்தனை யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று பார்க்காமல் தவறான ஆள் மேல் அம்பு போட்டால் விடை வராது. 2017-ல் தேர்வை நடத்தும் எல்.எஸ்.ஏ.சி. மேலேயே வழக்குப் போட்டார். 2019 அக்டோபரில் சமரசம். நாலு வருஷத்துக்குள் ஆராய்ச்சி செய்து, தர்க்கத் திறனை அளக்க வேறு வழி கண்டுபிடிக்கிறோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

2023 அக்டோபரில் அறிவிப்பு வந்தது: 2024 ஆகஸ்ட் முதல் லாஜிக் கேம்ஸ் கிடையாது, அந்த இடத்தில் இன்னொரு 'லாஜிக்கல் ரீசனிங்' பகுதி, அதாவது சின்னச் சின்னப் பத்தியைப் படித்து அதிலுள்ள வாதத்தை அலசுவது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மார்க்கை வைத்துப் பார்த்ததாகவும், புதிர்களை எடுத்தாலும் மொத்த ஸ்கோரில் கிட்டத்தட்ட எந்த மாற்றமும் இல்லை, முதல் வருஷ மார்க்கைக் கணிப்பதிலும் குறை வரவில்லை என்றும் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல். எந்த மாற்றமும் இல்லை என்றால் 42 வருஷம் எதற்குக் கேட்டீர்கள்? எத்தனை பேர் எத்தனை ராத்திரி கட்டம் போட்டிருப்பார்கள்? இரண்டாவதாக வந்தது, நேர்மையாகச் சொன்னால், வருத்தம். என்னுடைய 760-ஐ யாரோ வந்து செல்லாது என்று முத்திரை குத்திவிட்டுப் போன மாதிரி.

வழக்குப் போட்டவர் சொன்னதிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லாமல்தான் இருந்தது. மேலே மணியைப் பற்றிச் சொன்னேனே, அதற்குப் படம் எங்கே தேவைப்பட்டது? வாயாலேயே சொல்லி முடித்துவிட்டேன். தர்க்கம் வார்த்தையில்தானே இருக்கிறது, கோட்டிலும் கட்டத்திலும் இல்லையே என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் டீமில் டெஸ்டிங் பார்க்கும் நண்பர் ஒருவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இந்தப் புதிரை அவரிடம் படித்துக் காட்டினேன். நிபந்தனைகளை ஒரு தடவை கேட்டார், பத்மா விஷயத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். அரை நிமிஷம் இருக்காது. "அப்ப மணி கடைசில வர முடியாதுங்களேண்ணா" என்றார். நான் இதை உட்கார்ந்து உருவாக்கியவன். எனக்கே அது ப்ரோகிராம் ஓடி முடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

எனக்கு ஒரே குஷி. பார்த்தாயா, படம் தேவையில்லை என்று நான் சொன்னது சரி. அந்த ஜோரில் பழைய வினாத்தாள் மாதிரியில் இன்னொன்று எடுத்தேன். இது வரிசைப் புதிர் இல்லை, பிரிக்கும் புதிர்: ஒன்பது பேர், மூன்று கமிட்டி, ஆறு நிபந்தனை, அதில் மூன்று 'இருந்தால்' போட்டது. முதல் கேள்விக்குச் சரியாகச் சொன்னார். இரண்டாவதில் மூன்றாம் நிபந்தனையைத் திரும்பப் படிக்கச் சொன்னார். மூன்றாவதில் எல்லாவற்றையும் திரும்பப் படிக்கச் சொன்னார். நாலாவது கேள்வி வரும்போது கால் மணி நேரம் தாண்டிவிட்டது. "இது லாஜிக் இல்லீங்கண்ணா, ஞாபகசக்தி" என்றார். "வரிசையா ஒரே கோட்டுல போனா காதுல நிக்குது. மூணு டப்பாவா பிரிஞ்சா ஒவ்வொரு கேள்விக்கும் எல்லா டப்பாவையும் முதல்ல இருந்து மனசுல அடுக்கணும். நீங்க ஒரு தடவ எழுதிட்டு ஆறு தடவ பாக்கறீங்க. நான் ஆறு தடவயும் எழுதணும்."

அன்று ராத்திரி வீட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பிளஸ் டூ படிக்கும் மகள் வேறொரு பிரிக்கும் புதிரைப் படித்தாள். முதல் கேள்வியைத் தாண்டினேன். இரண்டாவது கேள்வியின் நடுவில் யார் எந்தக் கமிட்டி என்பதே கலைந்துவிட்டது. கண்ணைத் திறந்துவிட்டேன். "அப்பா, நீங்க எவ்வளவு வாங்கினேன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

ஆக, மிச்சிகன்காரர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் ஒரு வகையில் சரி. தர்க்கத்துக்குப் படம் தேவையில்லை. ஆனால் எட்டே முக்கால் நிமிஷத்துக்குத் தேவை. கடிகாரத்தை வைத்ததும் அந்தத் தேர்வு வேறு எதையோ அளக்கத் தொடங்கிவிட்டது. 2001-ல் என்னிடம் இருந்தது நல்ல மண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி மண்டை, பாதி பென்சில்.

இதையெல்லாம் சொன்னாலும் போனதில் ஒன்றை மட்டும் எனக்கு விட மனசில்லை. இந்தப் புதிர்களில் சட்டத்துக்கு நிஜமாகவே சம்பந்தப்பட்ட பகுதி, படம் போடுவதற்கு முந்தைய வினாடிகளில் இருந்தது. அது நிபந்தனையைப் படிப்பது.

தமிழிலேயே பாருங்கள். "மணி வந்தால் பத்மா வருவாள்." "மணி வந்தால்தான் பத்மா வருவாள்." ஒரே ஒரு 'தான்', அம்பு அப்படியே திரும்பிவிடுகிறது. முதல் வாக்கியத்தில் மணியைப் பார்த்தால் பத்மாவும் இருக்கிறாள் என்று சொல்லலாம். இரண்டாவதில் சொல்ல முடியாது. பத்மாவைப் பார்த்தால்தான் மணி வந்திருக்கிறான் என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் 'இஃப்', 'ஒன்லி இஃப்', 'அன்லெஸ்' இந்த மூன்றிலும்தான் எல்-சாட் எழுதுபவர்கள் வழுக்கி விழுவார்கள். வாடகை ஒப்பந்தத்திலும் இன்சூரன்ஸ் பாலிசியிலும் நாம் வழுக்குவது அதே இடத்தில்தான். அங்கே அந்த 'தான்' காசு விஷயம்.

கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர்களும் இதில் ஒரு முறை மாட்டினார்கள். 2004-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு இந்த மாதிரிப் புதிர்களை ஆங்கிலத்தில் அப்படியே கொடுத்து, இயந்திரத்தைப் போட வைக்க முயன்றது. நிபந்தனைகளைத் தர்க்க மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டால் விடை கண்டுபிடிப்பது இயந்திரத்துக்குத் தூசு. கஷ்டம் முழுக்க முதல் படியில்தான். குறைந்தது ஒரு சிற்பமாவது ஒவ்வொரு அறையிலும் இருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம். ஒரே சிற்பம் எல்லா அறையிலும் இருக்க வேண்டும் என்றும் அதைப் படிக்கலாம்! சிற்பம் ஒரே நேரத்தில் இரண்டு அறையில் இருக்காது என்று நமக்குத் தெரியும், அதனால் அந்த அர்த்தம் நமக்குத் தோன்றுவதே இல்லை. இயந்திரத்துக்கு யார் சொல்வது? 2021-ல் இன்னொரு குழு 1991 முதல் 2016 வரையிலான எல்-சாட் புதிர்க் கேள்விகளை, இரண்டாயிரத்துக்கும் மேல், திரட்டிச் சோதித்தது. அன்றைய மொழி மாடல்கள் வாங்கியது சும்மா ஏதோ ஒரு விடையைக் குறித்தால் கிடைப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். (இன்றைய கதை வேறு.)

மனுஷனுக்கு நேர் எதிர். நிபந்தனையைப் படிப்பது நமக்குச் சுலபம் என்று தோன்றும், அதை ஞாபகத்தில் நிறுத்தி வைப்பதுதான் கஷ்டம். எல்-சாட் இரண்டையும் ஒரே மார்க்காக்கியது. பார்வையற்றவருக்கு இரண்டாவது சுமை பல மடங்கு. பிரித்தளக்க வழி தேடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மொத்தமாகத் தூக்குவது சுலபமாக இருந்தது, தூக்கிவிட்டார்கள். தூக்கியது சரிதான் என்றுதான் இப்போது நினைக்கிறேன், அந்தக் கண் மூடிய ராத்திரிக்குப் பிறகு வேறு மாதிரி சொல்ல எனக்கு வாய் வராது.

2009 ஜூன் தேர்வில் வந்த ஒரு புதிர் ரொம்பப் பிரபலம். பொம்மை டைனோசர்கள், அவற்றுக்கு நிறங்கள், அதில் ஒன்று 'மவ்'. மவ் என்றால் என்ன நிறம் என்றே தெரியாமல் பலர் பரீட்சை ஹாலில் திகைத்ததாகச் சொல்வார்கள். (வெளிர் ஊதா மாதிரி ஒன்று.) தெரிய வேண்டிய அவசியமே இல்லை, அது வெறும் பெயர், 'எம்' என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். கண் இருந்தவர்களுக்குத்தான் அங்கே தடுக்கியது. இதை நண்பரிடம் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார்.

புதிருக்குப் பதிலாக வந்த லாஜிக்கல் ரீசனிங் எப்படி இருக்கும் என்று கேட்டார். பொதுவில் கிடைக்கும் ஒரு மாதிரித் தாளை அனுப்பினேன். அவர் ஹெட்போனை மாட்டவில்லை, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். ஸ்கிரீன் ரீடர் படிக்கத் தொடங்கியது, அவர் வழக்கமாகக் கேட்கும் வேகத்தில். எனக்கு மழை பெய்வது மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது, ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பத்தி முடிந்தது, ஐந்து விடையும் ஓடி முடிந்தன. "மூணாவதுங்கண்ணா" என்றார். நான் திரையில் இன்னும் இரண்டாவது வரியில் இருந்தேன்.